ஆப் நின்றுபோனால் பல்பும் போய்விடுமா?

கேள்வி:

சார், ஏழு வருடத்துக்கு முன்னால் வீட்டைப் புதுப்பித்தபோது எல்லாமே ஒரே நிறுவனத்தின் ஸ்மார்ட் சாமான்களாக வாங்கினோம். ஒரு ஹப், பன்னிரண்டு பல்பு, நாலு பிளக், வாசலில் ஒரு கேமரா. போன வாரம் அவர்களிடமிருந்து மெயில் வந்தது. இத்தனை வருடம் கூட இருந்ததற்கு நன்றி என்று ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் சர்வரை நிறுத்துகிறோம், அதன்பின் ஆப் வேலை செய்யாது என்று முடித்திருக்கிறார்கள். இதுவரை ஒரு பல்புகூட ரிப்பேர் ஆனதில்லை! என் அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி எழுந்தால் ஸ்பீக்கரிடம் சொல்லித்தான் விளக்கைப் போட்டுக்கொள்கிறார். ஸ்பீக்கர் வேறு நிறுவனத்துடையது. பழைய ஹப்பை ஒப்படைத்தால் புது மாடலுக்குத் தள்ளுபடி உண்டாம். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு அதையே வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? அப்டேட் வராத கேமரா ஆபத்தா? கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? இனி வாங்குவதாக இருந்தால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்:

வணக்கம். இந்த மாதிரி மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, என்ன செய்ய வேண்டும் என்பதை அல்ல, என்ன செய்யக் கூடாது என்பதைத்தான். ஹப்பை, அதாவது பல்புகளையெல்லாம் ரவுட்டரோடு இணைக்கிற அந்தப் பெட்டியை, ரீசெட் பண்ணாதீர்கள். போனிலிருந்து அந்த ஆப்பை நீக்காதீர்கள். தள்ளுபடிக்கு இப்போதைக்குச் சரி சொல்லாதீர்கள். மூன்றுக்கும் காரணம் இருக்கிறது.

ரீசெட் பண்ணிய ஹப் பிறந்த நாள் நிலைக்குப் போய்விடும். மறுபடி அதை எழுப்ப, பெரும்பாலான மாடல்களில் நிறுவனத்தின் சர்வர் ஒருமுறை ஆமாம் என்று சொல்ல வேண்டும். சர்வர் போனபின் அந்த ஆமாம் எங்கிருந்தும் வராது. 2025 மார்ச்சில், டிவியில் செருகுகிற கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் ஒரே நாளில் உலகம் முழுக்க நின்றுபோயின. கருவி நிஜமானதுதான் என்று காட்ட உள்ளே பதித்திருந்த பத்து வருட டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியானதுதான் காரணம். அப்போது கூகுள் சொன்ன முதல் அறிவுரையே தயவுசெய்து ரீசெட் செய்யாதீர்கள் என்பதுதான். சில நாளில் திருத்தம் வந்தது, சும்மா காத்திருந்தவர்களுக்குத் தானாகவே சரியாகிவிட்டது. ‘வேலை செய்யவில்லை என்றால் ரீசெட் பண்ணு’ என்று நாமெல்லாம் பழகிவிட்டோம் இல்லையா, அந்தப் பழக்கம் இங்கே கெடுதல்தான் செய்யும். ஆப் விஷயமும் அப்படித்தான். நிறுவனம் அதை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டால் திரும்ப இறக்க முடியாமல் போகலாம், ஆனால் கையிலிருக்கும் போனில் ஏற்கெனவே இருப்பது இருக்கும். பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால் அதிலும் இப்போதே அந்த ஆப்பை ஏற்றி லாகின் செய்து வைத்துவிடுங்கள்.

தள்ளுபடிக்கு அப்புறம் வருகிறேன்.

பத்தடி தூரத்தில் இருக்கிற பல்பை எரிய வைக்க எங்கோ இருக்கிற சர்வர் எதற்கு என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து ஆப்பைத் தொட்டால், அந்தக் கட்டளை பல சாதனங்களில் ரவுட்டர் வழியாக வெளியே போய், நிறுவனத்தின் சர்வரைத் தொட்டு, திரும்ப உங்கள் ரவுட்டருக்கே வந்து, ஹப்புக்குப் போய், அங்கிருந்து பல்புக்குப் போகிறது. வெளியூரில் இருக்கும்போதும் வீட்டு விளக்கை அணைக்க வேண்டுமென்றால் இப்படி ஒரு வழி தேவைதான். ஆனால் வீட்டுக்குள் இருக்கும்போது நேராகப் போக ஒரு குறுக்கு வழியையும் சேர்த்தே கட்டியிருக்கலாம். சிலர் கட்டினார்கள். பலர் கட்டவில்லை, ஏனென்றால் இரண்டு வழி கட்டுவதைவிட ஒரு வழி கட்டுவது மலிவு, அதோடு எல்லாம் தங்கள் சர்வர் வழியாகவே போனால் யார் எப்போது எதைப் போடுகிறார்கள் என்ற விவரமும் கையில் இருக்கும்.

பணக் கணக்கு இன்னும் எளிது. நீங்கள் ஒரே ஒருமுறை பணம் கொடுத்தீர்கள். அவர்களோ மாதாமாதம் சர்வருக்கு வாடகை கட்ட வேண்டும், புதுசாக வருகிற ஒவ்வொரு போனுக்கும் ஆப்பைத் திருத்த வேண்டும், ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க வேண்டும், சான்றிதழ்களைப் புதுப்பிக்க வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் வரும்வரை அந்த வரவில் இந்தச் செலவு ஓடும். அந்த மாடல் விற்பது நின்றதும், பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் செலவு மட்டும்தான். இதில் எல்லாரும் வில்லன்கள் என்று நான் சொல்லமாட்டேன், சில நிறுவனங்கள் நிஜமாகவே நொடித்துப் போயிருக்கின்றன. ஆனால் எப்படி விடைபெறுகிறார்கள் என்பதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. உங்கள் நிறுவனம் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

ரொம்ப மோசமான ரகத்துக்கு உதாரணம் ரிவால்வ் ஹப். 2014-ல் கூகுளின் கீழிருந்த நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது, முந்நூறு டாலர் ஹப் ஒன்றுக்கும் உதவாத டப்பா ஆனது. காரில் மாட்டிக்கொள்ளும் ஸ்பாட்டிஃபையின் கார் திங் 2024 டிசம்பர் 9-ஆம் தேதியோடு மொத்தமாகச் செத்தது, விற்பனைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. நடுவில் ஒரு ரகம் இருக்கிறது: வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகிற, 2011, 2012 வருடங்களில் வந்த நெஸ்ட் தெர்மோஸ்டாட்கள் 2025 அக்டோபர் 25 முதல் ஆப்புக்குக் கட்டுப்படாது, ஆனால் சுவரில் இருக்கிற அந்த வட்டத்தைக் கையால் திருப்பினால் வேலை செய்யும். நாகரிகமான ரகமும் உண்டு. பிலிப்ஸ் ஹியூவின் முதல் தலைமுறை பிரிட்ஜுக்கு (ஹப்புக்கு அவர்கள் வைத்த பெயர்) 2020 ஏப்ரல் கடைசியில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்தார்கள். வீட்டு வைஃபைக்குள் மட்டும் விளக்கு போட, அணைக்க அதற்கான ஆப்பை விட்டுவைத்தார்கள்.

உங்களுடையது இதில் எது? மெயிலை நம்பாமல் நீங்களே பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. ரவுட்டரை அணைக்காதீர்கள், வைஃபை இருக்க வேண்டும். ரவுட்டருக்குள் வெளியிலிருந்து வருகிற இன்டர்நெட் கேபிளை மட்டும் உருவுங்கள். போனில் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆப் அந்த வழியாக வெளியே போய் உங்களைக் குழப்பும். இப்போது ஆப்பைத் திறந்து ஒரு பல்பைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் சர்வர் போனபின்னும் வீட்டுக்குள் வேலை செய்ய நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆப் சுற்றிக்கொண்டே இருந்தால் எல்லாமே சர்வரை நம்பித்தான் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: ஸ்பீக்கரிடம் சொல்லிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், குரலைப் புரிந்துகொள்வதே பெரும்பாலும் வெளியே இருக்கிற சர்வரில்தான் நடக்கிறது, கேபிளை உருவினால் அது எப்படியும் ஊமையாகிவிடும்.

இந்தச் சோதனையில் தோற்றாலும் பல்புகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, இதைத்தான் உங்கள் கணவரிடம் முதலில் சொல்லுங்கள். ஹப் வைத்து ஓடுகிற பல்புகள் பெரும்பாலும் ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் பேசுகின்றன. இது ஒரு நிறுவனத்தின் சொத்து இல்லை, பொதுத் தரம். பல்பின் கழுத்திலோ பெட்டியிலோ ஜிக்பீ என்ற பெயர் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் சாகப்போவது ஹப்பும் ஆப்பும் மட்டும்தான். பன்னிரண்டு பல்பும் நாலு பிளக்கும் வேறு ஹப்போடு சேர்ந்துகொள்ளும். எல்லாம் நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. போடுவது, அணைப்பது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது பொதுவாகச் சிக்கலில்லாமல் வரும், நிறம் மாற்றும் விசேஷங்களில் கொஞ்சம் இடிக்கலாம். நீங்கள் செலவு செய்ததில் பெரும்பங்கு இந்தப் பல்புகளில்தான் இருக்கும், ஹப்பில் இல்லை.

புது ஹப்புக்கு மூன்று வழி. உங்கள் அம்மா பேசுகிற ஸ்பீக்கரின் மாடலைப் பாருங்கள். அமேசான் எக்கோவின் சில மாடல்களில், உதாரணமாக நான்காம் தலைமுறை எக்கோவில், ஜிக்பீ ஹப் உள்ளேயே இருக்கிறது. அப்படியிருந்தால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், பல்புகளை நேராக அதிலேயே சேர்த்துவிடலாம். இல்லாவிட்டால் வேறு நிறுவனத்தின் ஜிக்பீ ஹப் ஒன்று வாங்கலாம், ஆனால் வாங்குமுன் கேபிள் சோதனையில் அது தேறுமா என்று விசாரித்துவிடுங்கள், இல்லையென்றால் இன்னும் சில வருடத்தில் இதே கேள்வியை எனக்கு அனுப்புவீர்கள். மூன்றாவது ஹோம் அசிஸ்டன்ட். 2013-லிருந்து இருக்கிற இலவச, திறந்த மூல (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) மென்பொருள். வீட்டிலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓடும், ஜிக்பீ டாங்கிள் என்ற சின்ன யுஎஸ்பி ரேடியோ ஒன்றைச் செருகினால் பல்புகளை நேராக ஆளும், எந்த நிறுவனத்தின் சர்வரையும் நம்பி இல்லை. இன்ஸ்டியான் என்ற நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை நிறுத்திக் காணாமல் போனபோது, வீடு முழுக்க அவர்கள் ஸ்விட்சைப் பதித்திருந்த பலர் ஓடி வந்து சேர்ந்தது இங்கேதான். (அந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு: இரண்டு மாதத்தில் அந்த நிறுவனத்தையே அதன் வாடிக்கையாளர்கள் சிலர் சேர்ந்து வாங்கிச் சர்வரைத் திரும்ப ஓடவிட்டார்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.) நான் என் தொழிலில் இதைத்தான் அதிகம் போட்டுக் கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் சாய்வாகவே பேசுவேன். ஆனாலும் ஒளிக்காமல் சொல்கிறேன், அவ்வப்போது அப்டேட் போட்டு, பேக்கப் எடுத்து, எதாவது இடறினால் கொஞ்சம் நோண்டிப் பார்க்கிற ஆள் வீட்டில் ஒருவராவது இருந்தால்தான் அது சரிப்படும். அப்படி யாரும் இல்லையென்றால் ஸ்பீக்கர் வழியே போதும்.

மாற்றும்போது ஒரு வரிசை இருக்கிறது, அதற்காகத்தான் இரண்டு மாத அவகாசத்தை வீணாக்காதீர்கள் என்கிறேன். ஒரு பல்பு ஒரே சமயத்தில் இரண்டு ஹப்புக்குக் கட்டுப்படாது. பழைய ஆப்பில் போய் அந்தப் பல்பை நீக்கினால்தான் பெரும்பாலும் அது விடுபட்டுப் புது ஹப்பைத் தேட ஆரம்பிக்கும். ஆப் செத்தபின் அதைச் செய்ய முடியாது. ஸ்விட்சை இத்தனை தடவை போட்டு அணை, இத்தனை விநாடி காத்திரு என்று பிராண்டுக்கு ஒரு வித்தை இருக்கும், கூரையில் பன்னிரண்டு பல்புக்கும் அதைச் செய்வது கழுத்து வலிக்கிற வேலை. ஆகவே புது ஹப் வந்த பிறகு, பழைய ஆப் உயிரோடு இருக்கும்போதே, அதிகம் புழங்காத அறையிலிருந்து ஒரே ஒரு பல்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு வாரம் ஓடட்டும். சரியாக இருந்தால் மற்றதையும் மாற்றுங்கள், அம்மா அறை கடைசியில்.

தேதிக்கு முன் செய்யாவிட்டால் கைநழுவிப் போகிற விஷயங்கள் வேறு சிலவும் உண்டு. பெல்கின் நிறுவனம் வீமோ சாதனங்களுக்கு 2026 ஜனவரி 31-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்துவதாக அறிவித்தபோது, அதற்கு முன்பே ஹோம்கிட் என்ற ஆப்பிளின் வீட்டுச் சாதன ஏற்பாட்டில் சேர்த்து வைத்தவை தொடர்ந்து வேலை செய்யும் என்று ஒரு வரி சேர்த்திருந்தது. அந்த வரியைப் படித்து முன்கூட்டியே சேர்த்தவர்களுக்கு ஸ்விட்ச் மிஞ்சும். உங்கள் மெயிலிலும் அடியில் சின்ன எழுத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கடைசி வரை படியுங்கள், அதில் இருக்கிற லிங்க் எல்லாவற்றையும் திறந்து அந்தப் பக்கங்களைச் சேமித்து வையுங்கள். நிறுத்தும் தேதிக்குப் பிறகு அந்தப் பக்கங்களும் இல்லாமல் போகலாம்.

பிளக் வைஃபையில் நேராக இயங்குகிற ரகமாக இருந்தால் கதை வேறு. சில மாடல்களில் டாஸ்மோட்டா, ஈஎஸ்பிஹோம் போன்ற மாற்று ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள்ளேயே ஓடுகிற மென்பொருளை) ஏற்றிப் பிழைக்க வைக்கலாம், வீடியோ பார்த்தால் சுலபமாகத் தெரியும். பிளக்கைத் திறந்து கம்பி வைக்கிற வேலையாக இருந்தால் நீங்கள் செய்யாதீர்கள், உள்ளே வீட்டு லைன் மின்சாரமே ஓடுகிற இடம். நாலு பிளக்குக்காக உயிரைப் பணயம் வைப்பானேன்.

இப்போது அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் அவசரமாகப் பட்டது இது ஒன்றுதான். முழங்கால் வலியோடு இருட்டில் நடக்கிறவரின் விளக்கு, ஸ்பீக்கர், வைஃபை, இன்டர்நெட், இரண்டு நிறுவனங்களின் சர்வர், ஹப் என்று ஆறு சங்கிலிக் கண்ணிகளைத் தாண்டித்தான் எரிகிறது. சர்வர் நிற்காவிட்டாலும் ஒரு ராத்திரி இன்டர்நெட் போனாலே அது எரியாது. ஆகவே இந்த மாற்றத்துக்குக் காத்திருக்காமல், கட்டில் பக்கத்திலும் பாத்ரூம் போகிற வழியிலும் நடமாட்டம் கண்டால் தானே எரிகிற சின்ன விளக்கு ஒன்றிரண்டு மாட்டிவிடுங்கள், பிளக்கில் செருகுகிற வகையோ பேட்டரி வகையோ, எந்த ஆப்பும் இல்லாதது. கட்டிலோரத்தில் ஒரு ஜிக்பீ பட்டனும் வைக்கலாம், அது ஹப்போடு நேராகப் பேசுவதால் பெரும்பாலான ஹப்புகளில் இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும். குரலில் சொல்வது அவருக்குப் பிடித்திருந்தால் அதுவும் இருக்கட்டும், புது ஹப்பைச் சேர்த்ததும் அதே வார்த்தைகள் வேலை செய்யும்படி பல்புக்குப் பழைய பெயரையே வையுங்கள். இன்னொன்று, அவர் அறையின் சுவர் ஸ்விட்சை யாரும் டேப் ஒட்டி மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள் (ஸ்மார்ட் பல்பு போட்ட வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்). ஸ்விட்சை அணைத்துப் போட்டால் எந்த ஸ்மார்ட் பல்பும் பொதுவாகச் சாதாரண பல்பாக எரியும். ஆக, தலைப்பில் இருக்கிற கேள்விக்கு இதுதான் பதில்: ஆப் போனாலும் பல்பு போகாது.

கேமரா விஷயத்தில் நான் கறாரான ஆள். கழற்றிவிடுங்கள்.

பல்புக்கும் கேமராவுக்கும் என்ன வித்தியாசம் என்றால், ஜிக்பீ பல்பு இன்டர்நெட்டில் இல்லை, அதற்கு இன்டர்நெட் முகவரியே கிடையாது. கேமரா உங்கள் வைஃபையில் நேராக உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர், லென்ஸும் மைக்கும் வைத்தது. அதில் நாளைக்கு ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து ஒரு படையாக்கி, அந்த வருடம் அக்டோபரில் பெரிய இணையதளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கியது. அதில் சிக்கிய கேமராவின் சொந்தக்காரர்கள் பெரும்பாலோருக்குத் தங்கள் கேமரா அதில் இருந்தது தெரியவே தெரியாது, ஏனென்றால் படம் வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தது. ‘என் வாசலைப் பார்த்து எவனுக்கு என்ன லாபம்’ என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், அவனுக்கு வேண்டியது வாசல் இல்லை.

ஒரே விதிவிலக்கு: கேமராவில் ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் வசதி (எந்த நிறுவனத்தின் ரெக்கார்டருக்கும் படம் அனுப்ப உதவும் பொதுத் தரங்கள்) இருந்தால், வீட்டுக்குள்ளேயே ஒரு ரெக்கார்டரில் சேர்த்து, ரவுட்டரில் அந்தக் கேமராவுக்கு இன்டர்நெட்டை முழுசாக அடைத்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கழற்றுங்கள். கழற்றும் முன், சர்வர் உயிரோடு இருக்கும்போதே, அவர்களிடம் இருக்கிற உங்கள் வீடியோக்களில் வேண்டியதை இறக்கிக்கொண்டு மீதியை அழியுங்கள், கேமரா கணக்கு தனியாக இருந்தால் அதையும் மூடுங்கள். ஒரே கணக்கில் பல்பும் இருந்தால் பல்பு எல்லாம் மாறிய பிறகு மூடுங்கள். மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் ரீசெட், இந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் ரீசெட் சரி. நொடித்துப்போகிற நிறுவனத்தின் சொத்துகள் ஏலத்துக்குப் போகும்போது வாடிக்கையாளர் விவரங்களும் சேர்ந்து போவது புதிதல்ல, அதனால் கணக்கை மூடுவதை ஆறப்போடாதீர்கள். அதே பாஸ்வேர்டை வேறெங்காவது வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேபிள் சோதனையில் தேறியதால் பழைய ஹப்பையே வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், அதை ரவுட்டரில் விருந்தாளிகளுக்கான கெஸ்ட் நெட்வொர்க்குக்கு மாற்றாதீர்கள், போன் அதைப் பார்க்க முடியாமல் போகலாம். வெளியே போகிற இணைப்பை மட்டும் அதற்கு அடையுங்கள். நிறுவனம் போனபிறகும் அந்த ஹப் பழைய முகவரியைத் தட்டிக்கொண்டே இருக்கும், அந்த முகவரி காலாவதியாகி வேறு யார் கைக்குப் போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பணம் திரும்பக் கிடைக்குமா? ஏழு வருடத்துக்குப் பிறகு, பெரும்பாலும் கிடைக்காது. தாராளமாக நடந்தவர்கள் உண்டு. கூகுள் 2023 ஜனவரியில் ஸ்டேடியா விளையாட்டுச் சேவையை மூடியபோது தன் கடையில் வாங்கிய சாதனங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, கன்ட்ரோலரைச் சாதாரண புளூடூத் கன்ட்ரோலராக மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. அமேசான் கையில் கட்டும் ஹேலோ பட்டையை அதே வருடம் நிறுத்தியபோது கடைசி 12 மாதத்தில் வாங்கியவர்களுக்குப் பணம் வந்தது. சட்டையில் குத்திக்கொள்ளும் ஹ்யூமேன் ஏஐ பின் 2025 பிப்ரவரியில் மூடப்பட்டபோது 90 நாளுக்குள் வாங்கியவர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்குக் கைவிரித்துவிட்டார்கள்.

ஆனால் பணத்தைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்கலாம். ஹப்பை வீட்டுக்குள் இயக்க ஒரு கடைசி அப்டேட் கொடுங்கள், அல்லது அது பேசுகிற முறையை விளக்கும் ஆவணங்களையாவது வெளியிடுங்கள் என்று எழுதுங்கள். இப்படிக் கேட்டதால் மாறியிருக்கிறார்கள். போஸ் நிறுவனம் சவுண்ட்டச் ஸ்பீக்கர்களுக்குச் சர்வரை நிறுத்துவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு நிரலர்களுக்கான ஆவணங்களை வெளியிட்டது. லாஜிடெக் 2017-ல் ஹார்மனி லிங்க் கருவியைச் சான்றிதழ் காலாவதியைக் காரணம் காட்டி அணைக்கப் போவதாகச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு எல்லாருக்கும் புதுக் கருவியை இலவசமாகக் கொடுத்தது. தனியாக எழுதுவதைவிட அதே மெயில் வந்த நாலு பேர் சேர்ந்து எழுதினால் பலன் அதிகம்.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு சேர்கிற சாதனத்துக்குக் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று விற்கும்போதே சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பொதுவாகக் குறைந்தது 5 வருட ஆதரவு கட்டாயம். இவை பாதுகாப்பு அப்டேட் பற்றியவை, சர்வரை என்றென்றும் ஓட்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஊழியர்கள் 2024-ல் 184 சாதனங்களின் இணையப் பக்கங்களைத் துழாவிப் பார்த்ததில், கிட்டத்தட்ட 89 சதவீதத்தில் ஆதரவு எத்தனை நாள் என்ற விவரமே இல்லை. இத்தனைக்கும் அவர்கள் தேடத் தெரிந்தவர்கள்.

இனி தள்ளுபடி. பழைய ஹப்பை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை எனக்கு உறுத்துகிறது. சோனோஸ் ஒரு காலத்தில் இதேபோல் 30 சதவீதத் தள்ளுபடி கொடுத்தது, ஆனால் அதைப் பெற நன்றாக ஓடுகிற பழைய ஸ்பீக்கரை மறுசுழற்சி நிலைக்கு மாற்ற வேண்டும், 21 நாளில் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், வேறு யாருக்கும் கொடுக்கக்கூட முடியாது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020-ல் அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள். உங்கள் நிறுவனம் தருகிற தள்ளுபடி, ஏழு வருடத்துக்கு முன் செய்த அதே ஏற்பாட்டை இன்னொரு தடவை உங்கள் தலையில் கட்டுவதற்கான விலை. புது மாடல் இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்யும் என்று எழுத்தில் கொடுத்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

புதிதாக எதை வாங்கினாலும் மேட்டர் என்ற பொதுத் தரத்தின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2022-ல் வந்தது, அடிப்படை வேலைகள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே நடக்கும்படி வடிவமைத்தது. அது எல்லாவற்றுக்கும் மருந்தில்லை: நிறுவனத்தின் தனி விசேஷங்கள் இன்னும் அவர்கள் ஆப்பில்தான் இருக்கும். ஆதரவு முடியும் தேதியை வெளிப்படையாகப் போட்டிருக்கிற நிறுவனத்துக்கு முன்னுரிமை கொடுங்கள், தேதி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. மாதச் சந்தா கட்டினால் கைவிடமாட்டார்கள் என்றும் நம்ப வேண்டாம். இலவசம் என்ற வாக்கும் அப்படித்தான். விங்க் ஹப் இலவசம் என்று விற்ற சேவைக்கு 2020 மே மாதம் ஒரு வாரம் மட்டும் அவகாசம் கொடுத்துச் சந்தா கேட்டது, கூச்சல் எழுந்ததும் தேதியைத் தள்ளிப்போட்டது. நான் இதையெல்லாம்விட முக்கியமாக வைத்திருக்கிற கணக்கு ஒன்று உண்டு. பதினைந்து, இருபது வருடம் உழைக்கிற பொருள் எதிலும் ஐந்து வருட மென்பொருளைச் சேர்த்துப் பதித்து வாங்காதீர்கள். வயரிங், கதவு, ஏசி, வாஷிங்மெஷின் எல்லாம் தன்னளவில் முழுசாக வேலை செய்கிற சாதாரணப் பொருளாக இருக்கட்டும், ஸ்மார்ட் வேண்டுமென்றால் கழற்றி மாட்டக்கூடிய பல்பிலும் பிளக்கிலும் வெளியிலிருந்து சேருங்கள். ஸ்மார்ட் பூட்டு போடுவதாக இருந்தால் இரும்புச் சாவி உள்ளதை மட்டும்.

இதெல்லாம் பல்போடு நிற்கிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டி எழுதியிருக்கமாட்டேன். செகண்ட் சைட் என்ற நிறுவனம் பார்வையற்றவர்களின் விழித்திரையில் ஆர்கஸ் என்ற கருவியைப் பொருத்தியது, உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டவர்களுக்கு. 2020 வாக்கில் அந்த நிறுவனம் தடுமாறி அந்தத் தொழிலையே கைவிட்டபோது, கண்ணுக்குள் கருவி இருக்கிறது, பழுது பார்க்கத்தான் ஆளில்லை என்ற நிலையில் அவர்கள் நின்றார்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஹப்பின் அடியில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணையும், பல்பின் கழுத்தில் அச்சிட்டிருப்பதையும், ஸ்பீக்கரின் மாடலையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், எந்த ஹப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். அனுப்பும் முன் அந்த ஸ்டிக்கரில் இருக்கிற வரிசை எண்ணையும் கியூஆர் கோடையும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள், சாதனத்தைச் சேர்க்கிற ரகசியக் குறியீடு அதில்தான் இருக்கும், எனக்குக்கூட அது தெரிய வேண்டியதில்லை.